பழைய ஜேசிபியை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது எப்படி: டெல்டாவில் புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் பழைய ஜேசிபி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். பண்ணைக்குட்டை வெட்டவும் தோப்பில் வாய்க்கால் எடுக்கவும் வாடகை வண்டிக்குக் காத்திருந்து அலுத்துப்போய் வாங்கியவர்கள் உண்டு. வாடகைக்கு விடவே வாங்கியவர்களும் உண்டு. இருவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நம் ஊரில் பழைய வண்டி உழைத்துக் கெடுவது குறைவு. சேறும் தண்ணீரும் உள்ளே போய்க் கெடுவதுதான் அதிகம். இன்ஜினைப் பிரிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இந்த இரண்டையும் வெளியே நிறுத்தக் கற்றுக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

எந்த மாதத்தில் எந்த வேலை

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் ஆறு, வாய்க்கால் தூர்வாரும் வேலை மும்முரமாக நடக்கும். வண்டிக்கு ஓய்வே இருக்காது. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணையைத் திறந்துவிட்டார்கள். அப்படி வந்தால் கடைசி வாரத்தில் இராப்பகலாக ஓட்டுவார்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் மண் வேலை ஓய்ந்துவிடும். பெரிய வேலைகளுக்கு அதுதான் சரியான சமயம். மூட்டுகளில் இருக்கிற பின், புஷ் மாற்றுவது, சிலிண்டர் சீல் போடுவது எல்லாவற்றையும் ஜூன் கடைசி, ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கரை உடைப்பு அடைக்க நடு ராத்திரியில்கூடக் கூப்பிடுவார்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமெல்லாம் விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்த ஜேசிபி கிடைக்காமல் தவித்தவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் ஓடுகிற நிலையில் ஒரு வண்டி இருப்பதன் அருமை.

நிறுத்தும் இடம்

வயலில் வைத்து ரிப்பேர் பார்க்க வேண்டாம். காய்ந்த களிமண் கெட்டியாகத்தான் தெரியும். ஜாக்கி வைத்து ஏழு எட்டு டன் வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் மெல்ல உள்ளே இறங்கும். சிமெண்ட் தளம்தான் வேண்டும். ஊர் நெற்களம் வசதியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் களத்தில் ஆயில் சொட்டிவிட்டு அடுத்த வாரம் அங்கே யாராவது நெல் கொட்டினால் பஞ்சாயத்துதான். சொந்த வாசலில் சின்னதாகத் தளம் போட்டுக்கொள்வது மேல். வைக்கோல் போருக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள். முன் பக்கெட், தோண்டும் பக்கெட் இரண்டையும் தரையில் இறக்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு எல்லா லீவரையும் இரண்டு பக்கமும் ஆட்டி ஹோஸில் தேங்கிய பிரஷரை இறக்குங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியிலேயே விட்டால் ஏதாவது ஒரு பையன் ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான். லோடர் கையை, அதாவது முன் பக்கெட்டைத் தாங்கும் கையை, தூக்கி வைத்துத்தான் வேலை செய்ய முடியும் என்றால் வண்டியோடு வருகிற இரும்புத் தாங்கியை லிஃப்ட் சிலிண்டர் ராடின் மேல் மாட்டிப் பூட்டிய பிறகே உள்ளே போங்கள். பழைய வண்டிகளில் அந்தத் தாங்கி பெரும்பாலும் இருக்காது, எவரோ எப்போதோ கழற்றி வீசியிருப்பார்கள். வாங்கிய வாரத்திலேயே அதைத் தேடிப் பிடித்து வாங்கிவிடுங்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் தூக்கிய லோடர் இறங்க ஒரு நொடி போதும். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள், நொறுங்கிவிடும். கனமான புளியங்கட்டை நல்லது.

முதல் வேலை கழுவுவது

களிமண் காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி. அதனால் வேலை முடிந்த அன்று சாயங்காலமே மோட்டார் போட்டுத் தண்ணீர் அடித்துவிடுங்கள். பக்கெட் லிங்க், பூம் (தோண்டும் கையின் மேல் பாகம்) அடி, முன் ஆக்சில் நடுவே உள்ள பின், டயருக்கு உள்பக்கம் ஆகிய நான்கு இடங்களில்தான் சேறு அடைந்து கிடக்கும். ஆல்டர்னேட்டர், செல்ப் மோட்டார், டேஷ்போர்டு பக்கம் வேகமாகத் தண்ணீர் அடிக்க வேண்டாம். ரேடியேட்டரில் சாய்வாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். நேராக, மெதுவாக, விசிறிப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி விடுங்கள். அறுவடை நேரத்தில் வயலோரம் ஓடிய வண்டி ரேடியேட்டரில் வைக்கோல் தூசி பாயாய்ப் படிந்திருக்கும். வண்டி சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

வேதாரண்யம், நாகை பக்கம் உப்பளத்திலோ இறால் குட்டையிலோ வேலை செய்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். உப்பு ஒட்டிய சிலிண்டர் ராட் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அந்தப் புள்ளிகள் சீலைக் கிழிக்கும், அப்புறம் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும்.

கழுவின வண்டியில்தான் ஒழுகல் எங்கே, விரிசல் எங்கே என்று தெரியும். பூமும் ஆர்மும் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கிற பாகம்) சேரும் இடத்திலும் பழைய வெல்டிங் ஓரங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை மாதிரி துருக்கோடு ஓடினால் அடியில் இரும்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிரீஸ்

ஒரு மணி நேரம்தான் வண்டிக்கு ஒதுக்க முடியும் என்றால் அந்த ஒரு மணி நேரத்தையும் கிரீஸுக்கே கொடுங்கள். பின் என்பது கெட்டியான இரும்பு உருளை. அது புஷ் என்கிற குழாய் மாதிரி உறைக்குள் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதில் கிரீஸ் இருந்தால் கிரீஸ் தேயும். இல்லையென்றால் சேறு போய் உட்காரும், இரும்பு தேயும். பழைய டெல்டாக் களிமண்ணைவிடப் பட்டுக்கோட்டை பக்கத்து மணல்சாரி மண்ணும் வல்லம் பக்கத்துச் செம்மண்ணும் இதில் மோசம். சாணைபிடிக்கிற மாதிரி தேய்த்துவிடும்.

கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனைதான் நிப்பிள். எல்லா நிப்பிளையும் ஒரு தடவை உட்கார்ந்து எண்ணித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தோண்டும் பக்கெட்டிலிருந்து தொடங்கி ஆர்ம், பூம், ஸ்விங் போஸ்ட், ஜாக்கிக் கால்கள், லோடர், முன் ஆக்சில் என்று ஒரே வரிசையில் போனால் எதுவும் விட்டுப்போகாது. ஸ்விங் போஸ்டில் மேலும் கீழும் இருக்கிற நிப்பிள்களைத்தான் பலர் மறப்பார்கள். பூம் வலது இடது திரும்புகிற மொத்தப் பாரமும் அங்கேதான். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸும் அப்படித்தான், படுத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

முதலில் துணியால் நிப்பிள் தலையைத் துடையுங்கள். துடைக்காமல் கிரீஸ் கன்னை மாட்டினால் மேலே இருக்கிற மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். அடிக்க அடிக்க, பின் ஓரத்தில் பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வரும். அதைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் மண் உள்ளே போயிருக்கிறது. நறநறப்பு போய், போட்ட நிறத்திலேயே கிரீஸ் வரும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வருகிறது, மறுபக்கம் வரவில்லை என்றால் பக்கெட்டைக் கொஞ்சம் அசைத்து வைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். பாரம் உட்கார்ந்திருக்கிற பக்கம் கிரீஸ் போகாது.

கன்னை எவ்வளவு அழுத்தினாலும் ஏறவில்லையா? நிப்பிளைக் கழற்றித் தனியாகக் கன்னில் மாட்டிப் பாருங்கள். நிப்பிள் வழியே கிரீஸ் வந்தால் நிப்பிள் நல்லது, பின்னுக்குள் இருக்கிற துளை அடைத்திருக்கிறது. அந்தத் துளையில் டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். அப்படியும் வராவிட்டால் பின்னையே கழற்ற வேண்டியதுதான். நிப்பிள் சில ரூபாய் சமாசாரம்; பத்து இருபது வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள்.

காய்ந்த மண்ணில் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை போதும். ஆற்றுக்குள், சேற்றுக்குள் பக்கெட் முங்குகிறது என்றால் காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து கழுவின பிறகு ஒரு தடவை. சாயங்காலம் அடிப்பதுதான் முக்கியம், உள்ளே போன தண்ணீரை அது வெளியே தள்ளிவிடும். ஆபரேட்டர் அடிக்கிறேன் என்பார். பக்கத்தில் நின்று பாருங்கள்.

பின், புஷ் ஆட்டம்

பக்கெட்டைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கடப்பாரையால் பக்கெட்டை நெம்புங்கள். கை, கால் எதுவும் பக்கெட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது. பின் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் தெரிந்தால் புஷ் மாற்றும் காலம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் புஷ் தேய்ந்து, பின் தேய்ந்து, கடைசியில் புஷ் உட்கார்ந்திருக்கிற ஹவுசிங் துளையே முட்டை வடிவத்தில் அகன்றுவிடும். அதற்குத் துளையைத் திரும்பக் கடைந்து சரிசெய்கிற லைன் போரிங் மிஷின் வரவேண்டும். அந்தச் செலவில் நாலு தடவை புஷ் போட்டிருக்கலாம்.

பக்கெட் பின்னை வீட்டிலேயே மாற்றலாம். பக்கெட்டைத் தரையில் படுக்க வைத்துப் பாரத்தை எடுத்துவிட்டு, லாக் போல்ட்டைக் கழற்றுங்கள். பின்னின் மேல் நேரடியாகச் சம்மட்டி போட வேண்டாம். கெட்டி இரும்பில் கெட்டி இரும்பு பட்டால் சில்லு தெறிக்கும், கண் போய்விடும். பித்தளை உருளையோ பழைய மெதுவான இரும்புத் துண்டோ நடுவில் வைத்து அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புது புஷ்ஷை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தால் ஒரு இம்மி சுருங்கும். துளையைக் கேஸ் டார்ச்சில் மிதமாகச் சூடுபடுத்தினால் விரியும். இரண்டும் சேர்ந்தால் சிரமமில்லாமல் உள்ளே போகும். புஷ்ஷில் இருக்கிற கிரீஸ் துளையும் ஹவுசிங் துளையும் நேராக வருகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி எங்கே போனாலும் பின் கடைந்து தருகிற லேத் பட்டறை உண்டு. கேட்க வேண்டியது என்ன இரும்பு என்பதைத்தான். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் கடைந்தது பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஒரு சீசன் தாங்காது. ஈ.என். 8 அல்லது ஈ.என். 19 இரும்பில் கடைந்து, மேல்பரப்பைக் கெட்டிப்படுத்தித் தரச் சொல்லுங்கள்.

ஹைட்ராலிக்: இங்கே கையை உள்ளே விடாதீர்கள்

வேலை செய்யும்போது ஹோஸுக்குள் 200 பாருக்கு மேல் பிரஷர் ஓடுகிறது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஊசித் துளை அளவு ஓட்டை விழுந்த ஹோஸிலிருந்து வருகிற ஆயில் கண்ணுக்கே தெரியாது. விரலை வைத்துத் தடவினால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சிவப்புப் புள்ளி மட்டும்தான் இருக்கும், முதலில் வலிகூட அதிகம் தெரியாது. சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலை, கையை எடுக்கிற நிலை வரும். அப்படி ஆனால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் போய்விட்டது” என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். ஒழுகல் தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டை நீளமான குச்சியில் கட்டி ஹோஸ் ஓரமாகக் காட்டினால் போதும். ஆயில் பட்ட இடம் ஈரமாகிவிடும்.

ஹோஸின் மேல் ரப்பர் வெடித்து உள்ளே கம்பி தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. மேலே டியூப் சுற்றி ஓட்டுவது சும்மா மனச்சமாதானம். பிரஷரை இறக்கிவிட்டுக் கழற்றி, இரண்டு முனையையும் பாலித்தீன் பையால் கட்டி, பழைய ஹோஸை அப்படியே ஹோஸ் அடிக்கிற கடைக்குக் கொண்டுபோய் அதே நீளம், அதே ஃபிட்டிங் கேளுங்கள். நீளம் குறைந்தால் பூம் மடங்கும்போது இழுத்துப் பிடுங்கிக்கொள்ளும்.

ஆயில் அளவை பக்கெட்டுகளை வண்டிப் புத்தகத்தில் சொன்ன நிலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டர் நீட்டியிருக்கும்போது டேங்கில் குறைவாகவே காட்டும். நம் வெயிலுக்கு 68-ஆம் நம்பர் (46-ஐவிடக் கெட்டியான) ஆயிலைப் பலர் ஊற்றுகிறார்கள். புத்தகத்தில் 46 என்றிருந்தால் 46-தான், அதில் வாதம் வேண்டாம். டேங்கின் அளவுக் கண்ணாடியில் ஆயில் பால்மாதிரி வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு தகரத்தை நன்றாகச் சூடாக்கி, தள்ளி நின்று, இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர்தான். (வீட்டுத் தோசைக்கல்லை எடுத்தால் அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது.) ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதோடு தண்ணீர் எந்த வழியாகப் போனது என்றும் கண்டுபிடியுங்கள். சேற்றில் முங்குகிற சிலிண்டரின் தேய்ந்த சீல், டேங்க் மூடி, பிரீதர் (டேங்குக்குக் காற்று போய்வரும் வழி), பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

பூம் தூக்கி நிறுத்தினால் தானாக இறங்குகிறதா? இன்ஜினை அணைத்து, ராடில் ஒரு கோடு போட்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். நிறைய இறங்கியிருந்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் போயிருக்கலாம், வால்வும் விட்டிருக்கலாம். சிலிண்டரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுப்பது வரை வீட்டில் செய்யலாம். உள்ளே பிஸ்டன் நட்டு பயங்கர இறுக்கம், அதற்குப் பட்டறையின் பிடிப்பு வேண்டும். பம்ப், வால்வ் பிளாக், இன்ஜெக்டர் பம்ப், டார்க் கன்வர்ட்டர் இவற்றை வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஒரு தூசி போதும், மொத்தமும் போய்விடும்.

டீசல் ஏர் பிடித்தால்

டீசலில் தண்ணீர் சேர்வதும் டீசல் லைனில் காற்று (ஏர்) புகுவதும் கேனில் டீசல் வாங்கி வைத்து ஊற்றுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செபரேட்டரில் அடியில் இருக்கிற திருகைத் தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் திறந்து, தண்ணீர் போய்ச் சுத்த டீசல் வரும்வரை விடுங்கள். மழைக்காலத்தில் சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே வேர்த்து நீர் சேராது.

டேங்க் காலியாகி வண்டி நின்றாலோ ஃபில்டர் மாற்றினாலோ ஏர் எடுக்க வேண்டும். டீசல் ஊற்றுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கிற ஏர் ஸ்குரூவை ஒரு சுற்று தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழியோடு டீசல் வரும், கடைசியில் குமிழி இல்லாமல் ஒழுகும். பம்ப் அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். அப்படியும் ஓடாவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டு ஒன்றிரண்டைத் தளர்த்தி, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லி, டீசல் துள்ளி வந்ததும் இறுக்கலாம். முகத்தையும் கையையும் அதற்கு நேரே வைக்காதீர்கள். இது பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினுக்கு மட்டும். மிக அதிகப் பிரஷரில் டீசல் ஓடுகிற புது காமன் ரயில் வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது. செல்பைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடித்திருக்காதீர்கள், சூடேறிவிடும்.

மற்றவை

ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டிவிட்டு மாட்டுவது நம் ஊர் வழக்கம். தட்டினால் காகிதம் நசுங்கி வழி விடும். உள்ளிருந்து வெளியே குறைந்த காற்றில் ஊதலாம். உள்ளே இருக்கிற சின்ன ஃபில்டரை ஊதக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் ஆயில் மாற்றப் புத்தகத்தில் எத்தனை மணி என்று போட்டிருக்கிறதோ அதுதான் உச்ச வரம்பு, தூர்வாரும் சீசனில் அதற்கு முன்பே மாற்றுங்கள். பிரேக் டப்பாவில் கண்டதை ஊற்றாதீர்கள். சில வண்டிகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு வேறு. மாற்றி ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிப்போகும். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுங்கள். வாய்க்காலில் விட்டால் அடுத்த நாற்றங்காலில் போய் நிற்கும்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுங்கள். நெகட்டிவ் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே பக்கத்தில் போடுங்கள். தூரத்தில் போட்டால் கரண்ட் பின் வழியாகவும் பேரிங் வழியாகவும் ஓடி அவற்றைப் பொரித்துவிடும். பளபளக்கிற சிலிண்டர் ராட் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடுங்கள். ஒரு பொறி ஒட்டினாலும் அது சீலைக் கிழிக்கும்.

மழையில் பல வாரம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் சிலிண்டர்களை முடிந்தவரை உள்ளே இழுத்து வையுங்கள். வெளியே தெரிகிற ராட் பகுதியில் கிரீஸ் பூசுங்கள். சைலன்சர் வாயைத் தகர டப்பாவால் மூடுங்கள். அறுவடை முடிந்த வயலிலிருந்து எலிகள் நேராக வண்டிக்குத்தான் வரும், ஒயரைக் கடித்து வைக்கும். பேட்டரிப் பெட்டியைத் திறக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, ஆயில் சூடாகும்வரை ஓடவிட்டு, எல்லா லீவரையும் முழுசாக ஒரு தடவை இயக்கிவிட்டு நிறுத்துங்கள். டப்பாவை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ண மறக்காதீர்கள்.